குத்தகை நின்ற வீடுகள்: அயர்லாந்தின் மாளிகைகள் எப்படி எழுந்தன, ஏன் மறைந்தன

அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தில், கார்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கூல் பார்க் இருக்கிறது. காடு உண்டு, ஏரி உண்டு, மதில் சூழ்ந்த பழைய தோட்டம் உண்டு. தோட்டத்தில் நிற்கும் செம்பு நிற பீச் மரத்தின் பட்டையில் யேட்ஸ், பெர்னார்ட் ஷா, ஜே. எம். சிங், ஷான் ஓகேஸி என்று அயர்லாந்து இலக்கியத்தின் பெரிய தலைகள் எல்லாம் தங்கள் பெயரெழுத்துகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வீடு மட்டும் இல்லை. 1941இல் அதை இடித்துவிட்டார்கள்.

அயர்லாந்து நிலக்கிழார்களின் மாளிகைகள் எங்கே போயின என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், விடுதலைப் போரில் எரித்துவிட்டார்கள் என்பதுதான். எரிந்தவை உண்டு, அவற்றைப் பிறகு பார்ப்போம். ஆனால் கூல் பார்க்கை யாரும் எரிக்கவில்லை. அங்கே வாழ்ந்த லேடி கிரெகரியை அக்கம்பக்கத்தார் மதித்தார்கள். ஏபி நாடக அரங்கை நிறுவியவர்களில் ஒருவர் அவர். அப்படியும் அந்த வீடு தப்பவில்லை. காரணம் குத்தகைக் கணக்கில் இருக்கிறது. இந்த மாளிகைகளை எழுப்பியதும் ஓட்டியதும் சுற்றியிருந்த நிலத்தின் குத்தகைப் பணம். அந்த வரவு நின்றபோதே அவற்றின் முடிவு தொடங்கிவிட்டது. தீ பிற்பாடுதான் வந்தது, அதுவும் சில வீடுகளுக்கு மட்டும்.

நிலம் கைமாறிய விதம்

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அயர்லாந்து நிலத்தின் பெரும்பகுதி கேலிக் குலத்தலைவர்களிடமும், நார்மன் காலத்தில் வந்து அந்த மண்ணிலேயே ஊறிப்போன பழைய ஆங்கிலக் குடும்பங்களிடமும் இருந்தது. பெரும்பாலும் எல்லாருமே கத்தோலிக்கர்கள். 1580களில் தெற்கே மன்ஸ்டரில் டெஸ்மண்ட் பிரபுவின் கலகம் அடக்கப்பட்டதும் அவருடைய நிலம் ஆங்கிலக் குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டது. 1609க்குப் பின் வடக்கே அல்ஸ்டரில் அதே வேலை இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1649இல் ஆங்கில நாடாளுமன்றத்தின் படைத் தலைவர் கிராம்வெல் படையோடு வந்து இறங்கினார். அந்தப் போருக்கு முன்பணம் கொடுத்த லண்டன் வணிகர்களுக்கும், சம்பள பாக்கி நின்ற சிப்பாய்களுக்கும் அயர்லாந்து நிலத்தையே கூலியாகக் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். 1690இல் பாய்ன் ஆற்றங்கரையிலும் அடுத்த ஆண்டு ஆக்ரிமிலும் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸின் தரப்பு புராட்டஸ்டன்ட் அரசர் மூன்றாம் வில்லியமிடம் தோற்றபோது இன்னொரு சுற்றுப் பறிமுதல். 1641இல் ஏறக்குறைய 60 சதவீத நிலம் கத்தோலிக்கர்களிடம் இருந்தது. 1703இல் அது 14 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. நாட்டு மக்களில் பெரும்பான்மையினர் அப்போதும் கத்தோலிக்கர்கள்தான்.

மிச்சத்தைச் சட்டம் அரித்தது. 1704ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்க நிலவுடைமையாளர் இறந்தால் அவருடைய நிலம் எல்லா மகன்களுக்கும் துண்டு துண்டாகப் பிரிய வேண்டும். மூத்தவன் அரசின் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்கு மாறினால் மொத்தமும் அவனுக்கே. பல குடும்பங்கள் மதம் மாறித்தான் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டன. கத்தோலிக்கர் நிலம் வாங்கத் தடை இருந்தது. 1782இல்தான் அது விலகியது.

இந்தப் பின்னணியோடுதான் காசில்டவுன் மாளிகையைப் பார்க்க வேண்டும். டப்ளினுக்கு மேற்கே, லிஃபி ஆற்றங்கரையில், செல்பிரிட்ஜ் ஊரில் 1722இல் அதைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கானலி. டோனிகல் மாவட்டத்து பாலிஷானனில் ஒரு சத்திரக்காரரின் மகன், வக்கீல். 1690களில் பறிமுதல் நிலங்கள் விற்பனைக்கு வந்தபோது வாங்கியும் கைமாற்றியும் பெரும் செல்வம் சேர்த்து, அயர்லாந்து நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஆனார். முகப்பை வரைந்தவர் அலெஸ்ஸாண்ட்ரோ கலிலெய் என்ற இத்தாலியர். பிறகு வேலையை எடுத்துச் சென்றவர் எட்வர்ட் லவெட் பியர்ஸ். நடுவில் உயர்ந்த கட்டடம், இரு பக்கமும் வளைந்து விரியும் தூண் வரிசை, ஒரு முனையில் சமையல் கட்டு, மறுமுனையில் குதிரை லாயம். அயர்லாந்தில் இந்தப் பாணியில் எழுந்த முதல் பெரிய வீடு இதுதான். பின்னால் வந்த பணக்காரர்கள் எல்லாரும் இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள். 1729இல் கானலி இறந்தபோது வீடு முடியவில்லை. பிரதான மாடிப்படியே 1759இல்தான் வந்தது.

கானலியின் விதவை கேதரின் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். 1740இல் கடும் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கும் தானியமும் அழிந்து பஞ்சம் வந்தது. சுற்றுப்புறத்து ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காகவே மாளிகைக்குப் பின்னால் தொலைவில், வளைவுகளின் மேல் ஊசிபோல் எழும் 42 மீட்டர் உயரக் கல் தூண் ஒன்றை அவர் கட்டவைத்தார். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை, கூலியைத் தவிர. 1743இல் திருகுப் படிக்கட்டு வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் ஒரு தானியக் களஞ்சியத்தையும் கட்டினார். இரண்டும் இன்றும் நிற்கின்றன. பசித்தவனுக்குச் சோறு போடும் மனம் அந்த அம்மையாருக்கு இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அவன் உழைப்பு தன் ஜன்னலிலிருந்து பார்க்க ஓர் அழகான காட்சியாக எழ வேண்டும் என்பதும் அந்தக் காலத்துக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது.

1730களிலும் 40களிலும் ஜெர்மனியிலிருந்து வந்த ரிச்சர்ட் காசல்ஸ் என்ற கட்டடக் கலைஞர் பவர்ஸ்கோர்ட், கார்ட்டன், ரஸ்பரோ என்று வரிசையாகப் பெரிய வீடுகளை எழுப்பினார். கில்டேர் பிரபுவுக்காக டப்ளினில் அவர் கட்டிய லெய்ன்ஸ்டர் ஹவுஸில்தான் இன்று அயர்லாந்து நாடாளுமன்றம் கூடுகிறது.

வரவும் செலவும்

1870 வாக்கில் அயர்லாந்து நிலத்தில் பாதி சுமார் 750 குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்கள் பெரும்பாலும் பயிர் செய்தவர்கள் அல்லர். மாளிகையைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே பூங்காவும் காடும் சொந்தப் பண்ணையும் வைத்துக்கொண்டு, வெளியே உள்ள ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு விட்டார்கள். வசூலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்ட். பல இடங்களில் நடுவில் ஒரு பெரிய குத்தகைக்காரர் மொத்தமாக எடுத்து, துண்டு போட்டு, உள்குத்தகைக்கு விட்டு லாபம் பார்த்தார். கடைசிப் படியில் இருந்த குடியானவன் ஆண்டுக்கு ஆண்டு நீடிக்கும் வாய்மொழி ஏற்பாட்டில் இருந்தான். வடிகால் வெட்டி, கல் பொறுக்கி நிலத்தைச் சீராக்கினால் குத்தகை உயரக்கூடும். வெளியேற்றினால் போட்ட உழைப்புக்கு ஈடு இல்லை. அவனுடைய ஓட்ஸும் பன்றியும் குத்தகைக்குப் போயின. வீட்டில் சாப்பிட உருளைக்கிழங்கு.

நிலக்கிழார் தரப்பிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை வெளியே இருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. நிலம் பிரியக்கூடாது என்பதற்காகத் திருமண ஒப்பந்தத்திலேயே அதைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். மூத்த மகன் அனுபவிக்கலாம், விற்க முடியாது. ஆனால் விதவைத் தாய்க்கு ஆண்டுத்தொகை, தங்கைகளுக்குச் சீதனம், தம்பிகளுக்குப் பங்கு எல்லாம் அந்த நிலத்தின் வருமானத்தின் மேல்தான் ஏறும். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சுமையை ஏற்றி வைக்கும். அதற்கு மேல் புதிய முகப்பு, வேட்டைக் குதிரைகள், லண்டனில் ஒரு சீசன், தேர்தல் செலவு. அடமானம் வைக்காத பண்ணை அபூர்வம். ஏட்டில் பத்தாயிரம் பவுண்டு வருமானம் உள்ளவர் கையில் பாதிகூட நிற்காது. குத்தகை ஒழுங்காக வரும்வரை இது ஓடும்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது.

பஞ்சத்தின் கணக்கு

1845 முதல் 1852 வரை ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். 1841இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சம். சில நிலக்கிழார்கள் கொடுமைக்காரர்கள், சிலர் நல்லவர்கள் என்று மட்டும் இதை விளக்கிவிட முடியாது. சட்டமே வெளியேற்றத்தின் பக்கம் தள்ளியது. ஏழைகள் நிவாரணத்துக்கான வரி அந்தந்த வட்டார நிலத்தின் மேல் விழுந்தது. நான்கு பவுண்டுக்கும் குறைவாக மதிப்பிடப்பட்ட சிறு துண்டு நிலங்களுக்கான வரி முழுவதையும் நிலக்கிழாரே கட்ட வேண்டும். ஆக, தன் நிலத்தில் பரம ஏழைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வரி. குத்தகை வராத நேரத்தில் வரி ஏறியது. அந்தக் குடிசைகளைக் காலி செய்தால் வரியும் போகும், நிலமும் மேய்ச்சலுக்குக் கிடைக்கும்.

1847இல் இதற்கு இன்னொரு பல் முளைத்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது, வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வரட்டும் என்ற விதி சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று லட்சக்கணக்கானவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்த விதி அது. அதை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவர் அப்போது முப்பது வயதான டப்ளின் உறுப்பினர் வில்லியம் கிரெகரி. கூல் பார்க்கின் வாரிசு, பின்னாளில் லேடி கிரெகரியின் கணவர்.

கிரெகரிகள் அந்த நிலத்துக்கு வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியது. வில்லியமின் முப்பாட்டனார் ராபர்ட் கிரெகரி கிழக்கிந்தியக் கம்பெனியில் வங்காளத்தில் சம்பாதித்த பணத்தோடு திரும்பி, 1768இல் கூல் பண்ணையை வாங்கினார். பின்னாளில் அந்தக் கம்பெனியின் தலைவராகவும் இருந்தார். வில்லியமின் தந்தை 1847இல் பஞ்சக் காய்ச்சலில் இறந்தார். வில்லியமுக்குக் குதிரைப் பந்தயப் பித்து. கடன் முற்றி, 1857இல் பண்ணையில் மூன்றில் இரண்டு பங்கை விற்க வேண்டியதாயிற்று. 1872இல் அவரை இலங்கையின் ஆளுநராக அனுப்பினார்கள். கொழும்பு அருங்காட்சியகத்தை நிறுவியவர் அவர்தான். அதன் முன்னால் இன்றும் நிற்கும் சிலை அவருடையது. நுவரெலியாவின் கிரெகரி ஏரியும் அவர் பெயரைத் தாங்கியது. வறண்டு கிடந்த பழைய குளங்களைச் சீரமைக்கப் பணம் ஒதுக்கி, வட மத்திய மாகாணத்தை உருவாக்கினார். அங்கே குளம் வெட்டிய ஆளுநரும், இங்கே கால் ஏக்கர் விதி எழுதிய உறுப்பினரும் ஒரே மனிதர். இலங்கையில் செய்த நல்லதைச் சொல்லி அயர்லாந்தில் செய்ததை நேர் செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க்கில் அந்தச் சட்டத்தின் விளைவைக் கண்ணெதிரே பார்க்கலாம். மேஜர் டெனிஸ் மேஹன் 1845இல் அந்தப் பண்ணைக்கு வந்தபோதே கடனும் குத்தகை பாக்கியும் குவிந்து கிடந்தன. குடிகளை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடும் செலவைவிடக் கனடாவுக்கு அனுப்பும் செலவு குறைவு என்று ஏஜென்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். 1847 மே மாதம் 1,490 பேர் ராயல் கால்வாய்க் கரையோரம் டப்ளினுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அங்கிருந்து லிவர்பூல், அங்கிருந்து கியூபெக். அவர்களில் பலர் ஏறிய விர்ஜீனியஸ் கப்பலில் 476 பயணிகள். 158 பேர் கடலிலேயே இறந்தார்கள். அந்தச் செய்தி ஊருக்கு வந்தது. நவம்பர் 2ஆம் தேதி மேஜர் மேஹனைச் சாலையில் சுட்டுக் கொன்றார்கள்.

எல்லாரும் அவரைப்போல் நடந்துகொள்ளவில்லை. ஸ்லைகோவில் லிசடெல் மாளிகையின் சர் ராபர்ட் கோர்-பூத் பண்ணையை அடமானம் வைத்துக் குடிகளுக்கு உணவு வாங்கினார் என்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் ஆயுதம் ஏந்திய கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் அவருடைய பேத்தி. மேயோவில் மூர் ஹால் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். ஸ்பெயினின் அலிகான்டேயில் வணிகம் செய்து சேர்த்த பணத்தில் 1790களில் காரா ஏரிக்கு மேலே வீடு கட்டியவர்கள். 1798 எழுச்சியின்போது பிரெஞ்சுப் படை வந்திறங்கி அறிவித்த கனாட் குடியரசுக்கு அந்த வீட்டு மகன் ஜான் மூர்தான் தலைவர். பிடிபட்டுக் காவலில் இறந்தார். 1846இல் ஜார்ஜ் ஹென்றி மூரின் குதிரை கொரான்னா செஸ்டர் கோப்பையை வென்றது. பந்தயத்தில் கிடைத்த பெருந்தொகையிலிருந்து அவர் குடிகளின் பசி தீர்த்தார். வீட்டை விட்டு யாரையும் துரத்தவில்லை. இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

பஞ்சம் நிலக்கிழார்களையும் சாய்த்தது. 1849இல் அரசு ஒரு தனி நீதிமன்றம் அமைத்து, கடனில் மூழ்கிய பண்ணைகளை முந்தைய ஒப்பந்தச் சுமைகள் இல்லாமல் விற்க வழி செய்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்களே: வக்கீல்கள், கடைக்காரர்கள், மற்ற நிலக்கிழார்கள். கானமாராவில் சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் வைத்திருந்த பாலினஹிஞ்ச் மார்ட்டின் குடும்பம் இப்படித்தான் அழிந்தது. 1847இல் தந்தை காய்ச்சலில் இறந்தார். கடனுக்கு நிலம் காப்பீட்டு நிறுவனத்திடம் போனது. மகள் மேரி நாடு விட்டுப் போய் 1850இல் நியூயார்க்கில் இறந்தார். அந்த மாளிகையை 1924இல் வாங்கியவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்: நவாநகர் அரசர், கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி. சால்மன் மீன் பிடிக்க அவர் அங்கே வருவார்.

நிலம் திரும்பிய விதம்

1870களின் இறுதியில் மறுபடி விளைச்சல் கெட்டது, விலை விழுந்தது. இந்தமுறை குடியானவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. சிறுவயதில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்ட மைக்கேல் டேவிட் 1879இல் குடியானவர்களின் அமைப்பான நில லீக்கை உருவாக்கினார். தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். அவரே விக்லோவின் அவான்டேல் மாளிகைக்காரர், புராட்டஸ்டன்ட், நிலக்கிழார். 1880இல் மேயோவில் எர்ன் பிரபுவின் ஏஜென்ட்டாக இருந்த கேப்டன் சார்லஸ் பாய்காட்டுக்கு வேலைக்காரர்கள் வரவில்லை, கடைக்காரர்கள் பொருள் தரவில்லை, துணி துவைக்க ஆள் இல்லை. கடைசியில் அல்ஸ்டரிலிருந்து ஐம்பது பேர் வந்து அறுவடை செய்தார்கள். அவர்களைக் காக்கச் சுமார் ஆயிரம் சிப்பாய்கள். சில நூறு பவுண்டு மதிப்புள்ள விளைச்சலுக்கு ஏறக்குறைய 10,000 பவுண்டு செலவு.

1881இல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் குத்தகையை நீதிமன்றமே நிர்ணயிக்க வழி செய்தது. குத்தகை இறங்கியது. நிலக்கிழார் இனி தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, துரத்தவும் முடியாது. அப்படியானால் நிலம் வைத்திருந்து என்ன லாபம்? இந்தக் கேள்வி நிலக்கிழார்களையே விற்பனையின் பக்கம் கொண்டுவந்தது.

1902 செப்டம்பரில் கால்வேயைச் சேர்ந்த ஜான் ஷா-டெய்லர் என்ற இளம் நிலக்கிழார் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவோம் என்றார். இவர் லேடி கிரெகரியின் அக்காள் மகன். டிசம்பரில் டப்ளினில் டன்ரேவன் பிரபு தலைமையில் மாநாடு கூடியது. குடியானவர் தரப்பில் ஜான் ரெட்மண்ட், வில்லியம் ஓபிரையன் போன்றவர்கள். அதன் பரிந்துரையே 1903ஆம் ஆண்டின் விண்டம் சட்டம் ஆயிற்று. அரசு நிலக்கிழாருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடும், அதற்கு மேல் 12 சதவீத ஊக்கத்தொகை. குடியானவர் 3.25 சதவீத வீதத்தில் 68½ ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவார்; அந்தத் தவணை அவர் அதுவரை கட்டிய குத்தகையைவிடக் குறைவு. கிராம்வெல்லும் அரசர் வில்லியமும் வாளால் மாற்றியதை இந்தச் சட்டம் தவணைத் திட்டத்தால் மாற்றியது. முதல் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் குடியானவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலக்காரராகியிருந்தார்கள் அல்லது ஆகிக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்து வரலாற்றில் நடந்த பெரிய புரட்சி எது என்று கேட்டால் 1916 என்று சொல்லமாட்டேன், 1903 என்பேன்.

நிலக்கிழார்களுக்கு அப்போது அது நல்ல பேரமாகவே தெரிந்தது. அடமானத்தை அடைத்தார்கள், தங்கை தம்பிகளின் பங்கைத் தீர்த்தார்கள், மிச்சத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டார்கள். மதிலுக்குள் இருந்த வீடும் பூங்காவும் அப்படியே இருந்தன. ஆனால் நாற்பது அறைகளுக்குக் கரி போட, கூரைக்கு ஈயத் தகடு மாற்ற, சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை சம்பளம் கொடுக்க இனி வரவு எங்கே? வட்டி வந்தது. போர் வந்ததும் விலைவாசி ஏறியது, வருமான வரியும் வாரிசு வரியும் ஏறின, வட்டி அப்படியே நின்றது. வாரிசுகளும் போரில் போனார்கள். லேடி கிரெகரியின் ஒரே மகன் ராபர்ட் 1918 ஜனவரியில் இத்தாலியில் விமானியாக இறந்தார்.

தீயும் அதன் கணக்கும்

1919 முதல் 1921 வரையிலான விடுதலைப் போரில் 76 மாளிகைகளும், 1922-23 உள்நாட்டுப் போரில் 199 மாளிகைகளும் எரிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் படை குடியானவர் வீடுகளைக் கொளுத்தியதற்குப் பதிலடியாகச் சில. படை முகாமாக மாறிவிடக்கூடாது என்பதற்காகச் சில. மீத் மாவட்டத்தின் கம்பீரமான சம்மர்ஹில் 1921 பிப்ரவரியில் அப்படிப் போனது. மாளிகைக்காரர் ஓடிவிட்டால் மதிலுக்குள் உள்ள நிலமும் பங்குக்கு வரும் என்ற ஆசையும் பல இடங்களில் வேலை செய்தது.

உள்நாட்டுப் போரில் குறி மாறியது. பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்ற புதிய அரசு கைதிகளைச் சுட்டுக் கொல்லத் தொடங்கியதும், ஒப்பந்தத்தை ஏற்காத எதிர்த்தரப்பு அந்த அரசின் செனட் உறுப்பினர்களின் வீடுகளை எரிக்க உத்தரவிட்டது. 1923 ஜனவரியில் கில்டேர் மாவட்டத்தின் பாமர்ஸ்டவுன் எரிந்தது. அது மேயோ பிரபுவின் வீடு. அவருடைய தந்தை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து, 1872இல் அந்தமானில் ஷேர் அலி அஃப்ரீதி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்ட அதே மேயோ பிரபு. பிப்ரவரி 1ஆம் தேதி மூர் ஹால் எரிந்தது. அந்த வீட்டில் பிறந்த கர்னல் மாரிஸ் மூர் அப்போது செனட்டர். அது போதுமானதாக இருந்தது. 1798இன் குடியரசுத் தலைவரும் செஸ்டர் கோப்பைப் பணமும் அந்த வீட்டைக் காப்பாற்றவில்லை. நூலகமும் சேர்ந்து போனது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்த ஒரு நெருப்புதான். கூரையில்லாத அந்தச் சுவர்களை 2018இல் மேயோ மாவட்ட மன்றம் வாங்கியது. அரிய வகை வௌவால்கள் அங்கே குடியிருக்கின்றன.

கூல் பார்க்குக்கு வருவோம். லேடி கிரெகரி பிறந்த ராக்ஸ்பரோ மாளிகை 1922இல் எரிந்தது. அவருடைய மருமகள் மார்கரெட் 1921 மே மாதம் பக்கத்து ஊர் மாளிகையின் வாசலில் நடந்த தாக்குதலில், காரில் இருந்தவர்களில் அவர் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். கூல் பார்க்கின் மேல் ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் அதற்குள் குத்தகை நிலம் கிட்டத்தட்ட எல்லாம் குடிகளுக்கு விற்றாகிவிட்டது. பிள்ளைகளோடு விதவையான மார்கரெட்டால் அந்த வீட்டை ஓட்ட முடியவில்லை. 1927இல் வீட்டையும் காட்டையும் அரசின் வனத்துறை வாங்கியது. லேடி கிரெகரி தன் பழைய வீட்டிலேயே வாடகைக்கு இருந்து 1932இல் இறந்தார். வீடு ஒன்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, அப்புறம் கல்லுக்கும் மரத்துக்குமாக இடிபட்டது.

இப்படிப் போனவைதான் அதிகம். 1923ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்த நிலத்தைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரத்தை நில ஆணையத்துக்குக் கொடுத்தது. மதிலுக்குள் இருந்த பண்ணை நிலத்தையும் அது எடுக்கலாம். சிறு விவசாயிக்கு இருபது முப்பது ஏக்கர் கொடுப்பதே அதன் வேலை, மாளிகையைக் காப்பது அல்ல. கூரை இருக்கும் கட்டடத்துக்கு உள்ளாட்சி வரி உண்டு, கூரை இல்லாததற்கு இல்லை. ஆகவே பலர் கூரையைக் கழற்றினார்கள். ஈயம், ஸ்லேட், பளிங்குக் கணப்படுப்பு எல்லாம் விலைக்குப் போயின. கன்னி மாடங்களும் பள்ளிகளும் சில வீடுகளைக் காப்பாற்றின. கைல்மோர் மாளிகைக்கு 1920இல் பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த பெனடிக்ட் சபைக் கன்னியர் குடிவந்தார்கள். டிப்பரேரியில் ஜான் நாஷ் கட்டிய ஷான்பல்லி கோட்டையை நில ஆணையம் 1960இல் வெடி வைத்துத் தகர்த்தது. கார்க் மாவட்டத்து போவன்ஸ் கோர்ட்டை நாவலாசிரியர் எலிசபெத் போவன் செலவு தாங்காமல் 1959இல் விற்றார். வாங்கியவர் குடியிருப்பார் என்று நம்பினார். 1961இல் அது தரைமட்டம்.

பக்கத்திலேயே வடக்கு அயர்லாந்தில் காசில் வார்டு, ஃபுளோரன்ஸ் கோர்ட் போன்றவை பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையிடம் போய்ப் பிழைத்தன. தெற்கே அப்படி ஓர் அமைப்பு இல்லை, விருப்பமும் இல்லை. தாத்தாவைக் குடிசையிலிருந்து துரத்திய வீட்டுக்குத் தன் வரிப்பணத்தில் ஓடு மாற்ற எந்த வாக்காளரும் ஒப்பமாட்டார். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் அந்தச் சுண்ணச் சுதை வேலைகளையும் கல்வேலைகளையும் செய்த கைகள் பெரும்பாலும் உள்ளூர்க் கொத்தனாரின், தச்சரின் கைகள். வீடு இடிந்தபோது போனது அவர்களுடைய வேலையும்தான்.

மாற்றம் மெல்ல வந்தது. 1958இல் டெஸ்மண்ட் கின்னஸும் அவர் மனைவி மரீகாவும் பழைய கட்டடங்களைக் காக்க ஐரிஷ் ஜார்ஜியன் சங்கத்தைத் தொடங்கினார்கள். காசில்டவுன் விற்கப்பட்டு, வெறுமையாகி, நாசமாகிக்கொண்டிருந்தபோது 1967இல் டெஸ்மண்ட் தன் சொந்தப் பணத்தில் அதை வாங்கினார். 1994இல் அரசு ஏற்றது. 1982இல் வந்த வரிச் சலுகைப்படி, ஆண்டுக்குக் குறைந்தது 60 நாள் மக்களுக்குத் திறந்துவிடும் உரிமையாளர் பழுதுபார்ப்புச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கார்ட்டன் இன்று ஹோட்டலும் கோல்ஃப் மைதானமும். பாலினஹிஞ்சும் ஹோட்டல்.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் போன பாதைதான் எனக்குச் சரியென்று படுகிறது. 1979இல் மேஹன் குடும்பத்திடமிருந்து அதை வாங்கியவர் ஜிம் கேலரி, உள்ளூரில் மோட்டார் வாகனத் தொழில் செய்தவர். நிலம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் ஏஜென்ட் அலுவலகத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்த பஞ்ச காலத்துக் காகிதங்களைப் படித்ததும் மனம் மாறி, வீட்டை அதன் சாமான்களோடு காப்பாற்றி, 1994இல் குதிரை லாயத்தில் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறக்க வழி செய்தார். சமையல் கட்டுக்கு மேலே ஓர் உள்மாடம் இருக்கிறது. எஜமானி கீழே இறங்காமல் அங்கிருந்தே அன்றைய சமையலுக்கு உத்தரவு போடுவார். வேலைக்காரர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் போக ஒரு சுரங்க வழி. அவற்றைப் பார்த்துவிட்டு முற்றத்தைக் கடந்தால் 1,490 பேரின் கதை. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம்.

அந்தக் காகிதங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். 2008இல் அவை காசில்டவுனுக்குக் கொண்டுபோகப்பட்டன. மேநூத் பல்கலைக்கழகமும் பொதுப்பணித் துறையும் சேர்ந்து மாளிகை ஆவணங்களுக்கான மையத்தை அங்கேதான் வைத்திருக்கின்றன. குத்தகைப் பேரேடுகள், வெளியேற்றப் பட்டியல்கள், கப்பல் கட்டணக் கணக்குகள் எல்லாம் ஆய்வுக்குக் கிடைக்கின்றன. 1846இல் க்ளூனஹீ பகுதிக் குடிகள் வேலையும் உணவும் கேட்டு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்த மனுவும் இந்தக் காகிதங்களில் ஒன்று. ஜிம் கேலரியை முதலில் நிறுத்திப் படிக்க வைத்தது அதுதான்.